கை எடுக்க முடியாத அரை மணி நேரம்

ஏனுங்க,

கர்த்தர் கிருபையில் இந்த எல்லையோர ராணுவ ஆஸ்பத்திரியில் நான் சுகம். உங்கள் முதுகுவலி தேவலையா? ஏற்காட்டில் மழை விட்டதா, காப்பி காய்கிறதா?

பயப்படும்படி ஒன்றுமில்லை. குண்டடிபட்ட ஒரு மராத்தி ஜவானுக்கு ரத்தப்போக்கை நிறுத்த, அவசரத்தில் தொடை ரத்தக்குழாய்க்குள் பலூன் வைத்த டியூப் விட்டிருந்தார்கள். நேற்று அதை உருவியதும், துளை மூடும்வரை அரை மணி நேரம், டியூட்டி நர்ஸான நான் கை எடுக்காமல் அழுத்த வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து அவர் மனைவி வீடியோவில் வந்தாள். எருமையைக் காட்டினாள், கொதிக்கிற குழம்பைக் காட்டினாள், சிரித்தாள், அழுதாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் வயிறு எரிந்தது. என்னை அறியாமல் பலமாக அழுத்தியிருக்கிறேன். அவர் முனகிய பிறகுதான் தளர்த்தினேன். ரத்தம் நின்றுவிட்டது, அவள் பேச்சு நிற்கவில்லை.

நீங்களோ ஃபோனில், "சாப்ட்டியா கண்ணு? சரி, ஆளுங்க எடை போட நிக்கறாங்க, வெச்சர்றேன்" என்கிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

மிளகும் கம்பளி சாக்ஸும் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட்டால் அரை மணி நேரம் வைக்காதீர்கள். பேச எதுவும் இல்லையென்றால் ஃபோனைக் காப்பிக் களத்தில் வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

தபால் வண்டி கிளம்புகிறது.

ஜோஸ்லின்