பின்படிக்குக் கீழே ஒரு தேரை

ஜூன் 3, செவ்வாய்

காலை முதல் தூறல். நோர்வூட் பக்கத்து மலை தெரியவில்லை. துணி காயாமல் மூன்றாம் நாள்.

கண்டியிலிருந்து நஸ்ரின் வந்தாள். முன்பு எங்கள் பின்பக்க ஓடையில் தேரை பிடித்து, அளந்து, திரும்ப விட்டுப்போன ஆராய்ச்சிக்காரப் பெண். இதுவரை யாரும் எழுதி வைக்காத இனமாம். கட்டுரை வெளிவந்துவிட்டது. கட்டைவிரல் நுனி அளவு, வயிற்றில் செம்மஞ்சள் புள்ளி. என் மதிலிலிருந்து கீழே பாலம் வரைதான் இருக்கிறதாம். வேறெங்கும் இல்லை.

சப்பாத்தோடு உள்ளே வந்தாள். சொன்னதும் கழற்றினாள். நல்ல பெண்தான். கேக், தேநீர்.

போகும்போது, "ஆன்ட்டி, ஓடையில ஏதாவது மருந்து போடுறீங்களா?"

"இல்லை" என்றேன்.

ஜூன் 4, புதன்

மழை. நேற்றுச் சொன்னது பொய்.

என் கணவர் பின்படிப் பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர், பிறகு எழவே இல்லை. அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் படிகளுக்கு பிளீச்சிங் பவுடர். கழுவிய தண்ணீர் நேரே ஓடைக்கு. பதினோரு வருடம்.

தெரியாமல் செய்தது. சொல்லியிருக்கலாம். கான்வென்டில் மதர் முன்னால்கூடப் பொய் சொல்லாதவள் நான். இந்த வயதில், ஒரு சின்னப் பெண்ணிடம்.

வாங்க வேண்டியவை: உப்பு, நெருப்புப்பெட்டி, பி.பவுடர் (கோடு போட்டு அடித்துவிட்டேன்).

ஜூன் 7, சனி

தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து முத்தம்மா வேலைக்கு வந்து பவுடர் டப்பாவைத் தேடினாள். வேண்டாம், விளக்குமாற்றால் மட்டும் தேய் என்றேன்.

"ஏங்க மொதலாளியம்மா, பவுடர் முடிஞ்சிருச்சுங்களா?"

"தேரைக்கு ஆகாது."

"இப்பத்தான் ஆகாதாக்கும். பாலத்துகிட்ட வயித்த காட்டிக்கிட்டு செத்துக் கெடக்குமுங்க. எத்தன வாட்டி பாத்திருக்கேன்."

"ஏன் சொல்லல?"

"உங்ககிட்ட யாருங்க சொல்றது?"

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மூன்றாம் படியில் பாசி போகவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

அரை மணி நேரம் வெயில். துணி காய்ந்தது.

நஸ்ரினுக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை, பவுடர், பதினோரு வருடம், முத்தம்மா பாலத்தருகே பார்த்தவை. அன்று இல்லை என்றது பொய் என்பதையும்.

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம்.

பிறகு, "ஒரு நிமிஷம் ஆன்ட்டி, பேனை எடுக்கிறேன். முதல்ல இருந்து சொல்லுங்க."

மறுபடி எல்லாம் சொன்னேன். ஒரு தடவைக்கு எத்தனை கரண்டி என்று கேட்டாள்.

இரண்டு என்று வாய் வரை வந்தது. நான்கு என்றேன். குவித்து.