உன் செவலை கடித்துவிட்டது, அண்ணே

என்னைத் தோளில் தூக்கிச் சுமந்த அண்ணே,

நீ இருக்கும் இடத்தில் நாய்கள் உண்டா? இருந்தால் உனக்குப் பொழுது போவதே தெரியாது. எனக்குத்தான் இங்கே ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. இந்த நாலு வரி எழுதுவதற்குள் எழுந்துபோய்ப் பின்கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன். செவலை கொல்லையில் படுத்திருக்கிறது. என் வீட்டுக்காரர், உன் மாப்பிள்ளை, தறிக்குப் போயிருக்கிறார், திரும்பி வருகிற நேரம். அவர் கேட்டைத் திறக்கும்போது அந்த நாய் விறைப்பதற்கு முன்னால் எனக்கு உடம்பு விறைத்துக்கொள்கிறது.

நீ போன அன்று நடந்ததை உனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நானே சொல்கிறேன்.

பருத்தி எடுக்க நாங்கள் ரெண்டு பேரும் அருப்புக்கோட்டையிலிருந்து உன் காட்டுக்கு வந்திருந்தோம். நீ வரப்பில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவினாய். வெயில் என்று நினைத்தேன். அப்படியே சாய்ந்தாய். நாங்கள் ஓடி வருவதற்குள் செவலை உனக்குக் குறுக்கே வந்து நின்றுகொண்டது. உன் மாப்பிள்ளையைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. என்னைப் பார்த்தும்தான். என் கையால் சோறு தின்ற நாய், அண்ணே, உன் பக்கத்தில் என்னை வரவிடவில்லை.

பக்கத்துக் காட்டுக்காரர்கள் மண்வெட்டியும் கம்புமாக ஓடி வந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் சத்தம். நான் “தூக்குங்க, தூக்குங்க” என்று கத்திக்கொண்டே இருந்தேன். உன் மாப்பிள்ளை மோட்டார் ரூமில் கிடந்த பிளாஸ்டிக் பைப்பை எடுத்து வந்து செவலையின் விலாவில் ஓங்கி அடித்தார். விலகவில்லை. இன்னொரு அடி விழுந்த பிறகுதான் ஊளையிட்டுக்கொண்டு ஓடியது. உன்னை லோடு வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வரும்போதே உயிர் இல்லை என்றார்கள்.

அந்த நாய் எங்களை எவ்வளவு நேரம் நிறுத்தி வைத்தது? உன் மாப்பிள்ளை “கண்ணு மூடித் தொறக்குற நேரம்” என்கிறார். எனக்கு அது ஒரு பகல் பொழுது மாதிரி இருக்கிறது. அது விலகியிருந்தால் நீ பிழைத்திருப்பாயா? இதை யாரிடமும் கேட்கவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல் திரிந்தேன்.

காரியம் முடிந்து பார்த்தால் செவலை மோட்டார் ரூம் வாசலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தது. நீ கல்யாணம் வேண்டாம் என்று இருந்தவன். உனக்கென்று இருந்த ஒரே ஜீவன் அதுதான். விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. டவுனுக்குக் கொண்டுவந்தேன். உன் மாப்பிள்ளை வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆனால் அவரைக் கண்டாலே அதற்கு நடுக்கம். விளக்குமாறோ குடையோ, நீளமாக எதை அவர் கையில் எடுத்தாலும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டு உறுமும். எனக்கு எரிச்சலாக வந்தது. சோறு போடுகிற மனுஷனைப் பார்த்து உறுமுவதா? உறுமும்போதெல்லாம் அதட்டினேன். மூக்கில் தட்டினேன். கொஞ்ச நாளில் உறுமுவது நின்றுபோனது. பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன் பார்.

ஒரு நாள் காலையில் தறிக்குக் கிளம்பும்போது, தொட்டிப் பக்கம் கிடந்த செருப்பை எடுக்க அவர் குனிந்தார். ஒரு சத்தம் இல்லை. வலது கையைக் கவ்விவிட்டது. கட்டைவிரலுக்குக் கீழே சதை பிய்ந்து தொங்கியது. குழாயடியில் சோப்புப் போட்டு ரொம்ப நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டார்கள், அடுத்தடுத்துப் போடவும் வரச் சொன்னார்கள். இழை முடிகிற கை அண்ணே அது. ஆறும் வரை தறிப் பக்கம் போக முடியவில்லை. வீட்டில் அவர் ஒரு மூலை, நாய் ஒரு மூலை, நடுவில் நான்.

தெருவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். காட்டில் கொண்டுபோய் அவிழ்த்துவிடு என்றார்கள். மருந்து வைத்துவிடு என்றும் ஒருவர் சொன்னார். அதற்கெல்லாம் நான் அசையவில்லை. பக்கத்து வீட்டு ஜமீலா அக்கா வந்து மெதுவாகச் சொன்னதுதான் உலுக்கியது.

“செல்வி, வாயில்லா ஜீவன் மேல எனக்கு ஒண்ணும் கோவமில்ல. ஆனா எம்மக பிரசவத்துக்கு வாரா. நாளைக்குப் பச்சப்புள்ள இருக்கிற வீடு. நீயே ரோசிச்சுப் பாரு.”

அவுக கேட்டதில் என்ன தப்பு?

மறுநாளே செவலையை ஆட்டோவில் ஏற்றி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு பொம்பளை டாக்டர். முதலில் அதற்கு எங்கேயாவது வலி இருக்கிறதா என்று பார்த்தார். வலி இருந்தாலும் கடிக்குமாம். விலா ஆறிவிட்டது என்றார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். உறுமுவதை நிறுத்தப் பழக்கிவிட்டேன் என்று பெருமையாகத்தான் சொன்னேன்.

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஏம்மா, உறுமுறது கிட்ட வராதேன்னு சொல்றதுக்கு. அந்த வாயையும் நீங்க அடைச்சிட்டா அது வேற எப்படித்தான் சொல்லும்? இது கோவத்துல கடிக்கிற நாய் இல்ல. பயந்து கடிக்குது.”

யாரும் தொடாத ஒரு இடம் அதற்கு வேண்டும் என்றார். ஆள் வந்தால் வாய்க்குக் கூடு மாட்ட வேண்டும், அதையும் உள்ளே கறி வைத்து ஆசை காட்டித்தான் பழக்க வேண்டும். பயப்படுகிற ஆள் தூரத்தில், முகத்தை நேருக்கு நேர் பார்க்காமல் உட்கார்ந்து, பிடித்த தீனியைப் போட வேண்டும். கிட்டப் போகக் கூடாது. அதுவாக வர வேண்டும். அடிக்கவே கூடாது.

“எப்ப டாக்டர் சரியாகும்?”

“சரியாகும்னு நான் சொல்லலியே. பயம் குறையும். கவனமா நீங்கதான் இருக்கணும்.”

வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் மாப்பிள்ளை கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். “கடி வாங்குனதும் நானு, கறி வாங்கிப் போடுறதும் நானா? நல்லா இருக்குடி ஒங்க அண்ணன் வீட்டுச் சீரு!”

எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். அழுகைதான் வந்தது. அடக்கி வைத்திருந்ததெல்லாம் அன்றைக்கு வாயைவிட்டு வந்துவிட்டது. “அது மறிக்காம இருந்திருந்தா எங்கண்ணன் பொழைச்சிருக்குமா? உண்மையைச் சொல்லுங்க.”

அவர் கட்டுத் துணியின் முடிச்சை இறுக்கினார். பிறகு சொன்னார். “நான் கிட்ட ஓடுறப்பவே மச்சான் கண்ணு நிலைகுத்திருச்சு செல்வி. மூச்சு இல்ல. எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“பெறகு ஏன் அடிச்சீக?”

“நீ கத்துனியே. ஒங்கிட்ட எப்படிச் சொல்ல? ஏதாவது செய்யணும்னு இருந்துச்சு. அது ஒண்ணுதான் கைக்கு ஆப்பிட்டுச்சு.”

இது உண்மையா அண்ணே? இல்லை, நான் நிம்மதியாக இருக்கட்டும் என்று அவராகக் கட்டிச் சொன்னதா? உண்மை என்றால் அந்த நாய் வாங்கிய அடி எதற்கு? பொய் என்றால் இத்தனை பெரிய பொய்யைச் சுமக்கிற மனுஷனை நான் என்ன சொல்ல? நீதான் அங்கே கிடந்தாய். உனக்குத்தான் தெரியும்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. மறுநாள் சாயங்காலம் அவரே கறிக்கடைக்குப் போய்க் கோழி ஈரலும் கழிவும் வாங்கி வந்து வேகவைக்கச் சொன்னார். கொல்லையின் இந்தக் கோடியில் முக்காலியைப் போட்டு, செவலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, திரும்பாமலே பின்னால் வீசினார். அது வரவில்லை. அவர் எழுந்து உள்ளே வந்த பிறகுதான் தின்றது. தினமும் இதே கதை. முதுகுக்குப் பின்னால் நாய் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவரை நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். காது வேர்த்திருக்கும். “எனக்கும் பயந்தான். வெளிய சொல்லிராத” என்றார் ஒரு நாள்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தது. நடுவில் தூக்குச்சட்டி கைதவறி விழுந்த சத்தத்துக்கு அவர் காலைப் பார்த்துப் பாய்ந்துவிட்டது. நல்லவேளை, வாய்க்கூடு மாட்டியிருந்தது. எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். அவர் முக்காலியை மறுபடி பழைய கோடிக்கே நகர்த்திப் போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

போன வாரம் அவர் தொடைப் பக்கத்தில் வைத்த ஈரலைச் செவலை வந்து எடுத்துக்கொண்டு போனது. அவர் திரும்பவில்லை. நேற்று தண்ணீர் மொண்டுகொள்ளத் தொட்டிப் பக்கம் போனவரைப் பார்த்து உறுமியது. எத்தனை மாதத்துக்குப் பிறகு! அவர் அப்படியே நின்று, “சரி ஆத்தா, நான் வரல” என்று வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் வந்தார். உறுமலைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட பொம்பளை இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஜமீலா அக்காவின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. வீட்டுக்கு வருவதற்குள் கொல்லைக்கும் அவர்கள் பக்கத்துக்கும் நடுவில் உயரமாகத் தகரம் அடித்துவிட்டோம். அக்கா வந்து தட்டிப் பார்த்து, அசைத்துப் பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஆனாலும் அந்தக் குழந்தை அழும்போதெல்லாம் நான் கொல்லைக்கு ஓடுகிறேன். இந்த ஓட்டம் எப்போது நிற்கும் என்று தெரியவில்லை. நிற்கவே நிற்காதோ என்னவோ.

இனி அது யாரையும் கடிக்காது என்று உனக்குச் சத்தியம் செய்து தர மாட்டேன் அண்ணே, அது என் கையில் இல்லை. அதற்குப் போக்கிடம் இல்லாமல் யாரும் நெருக்காதபடி பார்த்துக்கொள்வேன். அது என்னால் முடியும். அடிபட்டதும் அடித்ததும் ஒரே கொல்லையில் பயமில்லாமல் உட்காரும் வரை ரெண்டு பேரையும் விட மாட்டேன்.

உன் மாப்பிள்ளையையும் உன் நாயையும் ஒரே வீட்டில் வைத்துக் காக்கும்
உன் கூடப்பிறந்தவள்,
செல்வி