இருபத்தேழாம் பட்டியின் ஈரல்கள்

ஜனவரி 12

புதிதாக வாங்கிய கையுறை இரண்டும் இடது கைக்கானவை. யாரைத் திட்டுவது? ஒரு கையை மட்டும் மூடிக்கொண்டு தீவன லாரியை ஓட்டினேன். சோளம் அவிக்கும் ஆலையின் ஆவி நேராக மேலே போனது. கான்சாஸில் காற்று நின்றுவிட்டால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

ஜனவரி 15

பனிப்புயல். இரண்டு நாளாக லாரி கொட்டகையை விட்டு நகரவில்லை. அத்தனை மாடும் வெளியே, பட்டினி.

ஜனவரி 16

மதியம் பாதை திறந்தது. முதலில் இருபத்தேழாம் பட்டிக்குப் போனேன். டிசம்பரில் வந்த இளசுகள், நூற்றுத் தொண்ணூறு. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சாண் பனி, அது உருகக்கூட இல்லை. உடம்புச் சூட்டை வெளியே விடாமல் அப்படிப் பிடித்து வைத்திருந்தன! எப்படித்தான் முடிகிறதோ.

லாரியைப் பார்த்ததும் கத்தின பாருங்கள் ஒரு கத்தல். புயலுக்குப் பிறகு வைக்கோலைக் கூட்டி, தானியத்தைக் குறைத்துப் போட வேண்டும். எந்தப் பட்டிக்கு எவ்வளவு என்று தருகிற தீவனச் சீட்டிலும் அப்படித்தான் இருந்தது. மனசு கேட்கவில்லை. சோளம் இன்னொரு நடை கொண்டுவந்து கொட்டினேன். லாரியின் எடைக்கருவி குளிரில் செத்துக் கிடந்தது, யாருக்கும் தெரியாது. பத்தே நிமிடத்தில் தொட்டியை நக்கிவிட்டன. பண்ணை மேனேஜர் ராய்ஸிடம் சொல்லவில்லை. நல்லதுதானே செய்தேன்?

ஜனவரி 18

இருபத்தேழில் பாதி மாடுகள் தொட்டிப் பக்கம் வரவில்லை. சாணம் சாம்பல் நிறத்தில், கூழாக, நுரையோடு. யுசேபியோ குதிரையை வேலியோரம் நிறுத்தினான். நோய்ப்பட்ட மாட்டைக் கண்டுபிடித்துப் பிரிப்பது அவன் வேலை.

"இதுங்க வயித்துல என்னமோ ஆயிருக்கு வெர்னா. அன்னிக்கு என்ன போட்டே?"

"சீட்டுல இருந்ததுதான்."

பொய் எவ்வளவு சுலபமாக வந்தது! அவன் பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தான். குடித்தேன்.

ஜனவரி 25

எல்லாம் சாப்பிடுகின்றன. அப்பாடா.

ஏப்ரல் 21

இருபத்தேழில் ஒன்று செத்துக் கிடந்தது. பட்டியிலேயே கொழுத்தது, முடியெல்லாம் பளபளப்பு. நேற்று மாலைகூட முட்டி மோதித் தின்றது. மூக்கிலும் வாயிலும் ரத்தம்.

பல்கலைக்கழகத்திலிருந்து கால்நடை டாக்டர் ஹால்வர்சன் அம்மா வந்தார். தீவனத்தில் கிருமி மருந்து கலக்காமல் வளர்க்கும் மாடுகள் என்பதால் இந்தப் பட்டியும் பக்கத்துப் பட்டியும் அந்த அம்மாவின் ஆராய்ச்சியில் இருக்கின்றன. அங்கேயே அறுத்தார். நான் லாரியை ஓரங்கட்டிவிட்டுப் பார்த்தேன். ஈரலை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்க வேண்டியிருந்தது. அதில் ஆரஞ்சுப் பழம் அளவுக்கு ஒரு சீழ்க்கட்டி. பெரிய ரத்தக்குழாயை ஒட்டி இன்னொன்று, அது உடைந்துதான் மாடு போயிருக்கிறது.

முழுதாக இருந்த கட்டியை அவர் உடனே வெட்டவில்லை. ஊசியைக் குத்திச் சீழை உறிஞ்சினார்.

"ஏன் திறக்கல?"

"காத்து பட்டா அந்தக் கிருமி செத்துப்போயிடும்ங்க. ஃப்யூசோபாக்டீரியம்னு பேரு. இது வெளியிலிருந்து வந்ததில்ல, எப்பவும் மாட்டோட இரைப்பையிலேயே சாதுவா குடியிருக்கறதுதான். பட்டினி கெடந்துட்டு திடீர்னு தானியம் ஏறினா இரைப்பை புளிச்சுப்போகும், சுவர் புண்ணாகும். அந்தப் புண்ணு வழியா ரத்தத்துல ஏறி நேரா ஈரலுக்குப் போயிடும்."

"ஈரல்ல ரத்தம் நிறைய இருக்கே, காத்து இருக்காதா?"

டாக்டர் சிரித்தார். "நல்லா கேட்டீங்க. கூடவே இன்னொரு கிருமி போகும். அது இருக்கற காத்தையெல்லாம் தின்னு தீர்த்து இதுக்கு எடம் பண்ணிக் குடுக்கும். இது பதிலுக்கு, சண்டைக்கு வர்ற வெள்ளை அணுவையெல்லாம் விஷம் வச்சுக் கொன்னு அதையும் காப்பாத்தும்."

அப்புறம் கத்தி வைத்தார். நாற்றத்துக்குச் சட்டைக் கையால் மூக்கை மூடிக்கொண்டேன். ஆனால் அந்தச் சுவர்! கட்டியைச் சுற்றி விரல் தடிமனுக்கு, வெள்ளையாக, ஈரலே கட்டிய சுவர். எதிரியை வெளியே தள்ள முடியாததால் உள்ளேயே சிறை வைத்திருக்கிறது. மாடு வலிக்கிறது என்று ஒரு நாள்கூடச் சொல்லவில்லை.

"எப்போ ஆரம்பிச்சிருக்கும்?" என்றேன்.

"சுவரைப் பார்த்தா மூணு மாசம் இருக்கும்."

ஏப்ரல், மார்ச், பிப்ரவரி — அதற்கு முன்னால் ஜனவரி, நான் கொட்டிய அந்த இன்னொரு நடை சோளம்.

ஏப்ரல் 22

ராய்ஸ் எல்லோர் முன்னாலும் யுசேபியோவைப் பிடித்துக்கொண்டான். "தெனம் குதிரை மேல ஏறி என்னத்தைப் பாத்துக் கிழிச்சே? கண்ணு அவிஞ்சா போச்சு? மாசக் கடைசியோட கெளம்பு." யுசேபியோ தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றான். நானும் நின்றேன்.

ஏப்ரல் 23

சொல்லு. சொல்லித் தொலையேன்டி.

ஏப்ரல் 24

சொல்லிவிட்டேன். ராய்ஸின் அறையில், யுசேபியோவையும் டாக்டரையும் வைத்துக்கொண்டு.

"பசிக்குதேன்னா போட்டே?"

"ஆமா."

"பதினோரு வருஷமா ஓட்டறே, அடிப்பாவி!" ராய்ஸ் மேசையை ஓங்கித் தட்டினான். பிறகு, "நீ போட்டதும் தப்பு, அவன் பாக்காததும் தப்பு" என்றான்.

அப்போதுதான் யுசேபியோ சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்துப் போட்டான். ஜனவரிக் கடைசியில் எழுதியது. பதினொரு மாடுகளின் காதுப்பட்டை எண்கள். "அப்பவே இதுங்க சரியில்லன்னு சொன்னேன். காய்ச்சல் இல்ல, தின்னுது, அப்புறம் என்ன நோயின்னு சிரிச்சீங்க. பிரிக்க விடல."

டாக்டர் நோட்டை வாங்கி எண்களைக் குறித்துக்கொண்டார். "ஜூன்ல அறுக்கறப்போ எல்லா ஈரலையும் பார்க்கத்தான் போறேன். அதுவரைக்கும் இவரை அனுப்பாதீங்க." ராய்ஸ் அரைமனதாகத் தலையாட்டினான்.

வெளியே வந்ததும் யுசேபியோ என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "மூணு மாசம் என் காபியைக் குடிச்சியே."

மே 30

காலை வணக்கம் சொன்னால் யுசேபியோ குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறான். நியாயம்தான்.

ஜூன் 14

இறைச்சி ஆலை. ராய்ஸும் வந்தான், நானும் கெஞ்சிக் கேட்டு வந்தேன். ஈரல்கள் தட்டுத் தட்டாக நகர்ந்து வந்தன. டாக்டர் ஒவ்வொன்றையும் புரட்டி, தடவி, மாட்டின் எண்ணையும் கட்டி உண்டா என்பதையும் சொன்னார். பக்கத்துப் பட்டி, சீட்டுப்படியே தின்றது: நாலில் ஒன்றில் கட்டி. தானியம் போட்டுக் கொழுக்க வைப்பதற்கு நாம் தருகிற விலை அது என்றார். இருபத்தேழு: பாதிக்கு மேல். என் கருணையை நானே எண்ணிப் பார்த்தேன்.

யுசேபியோவின் பதினொன்றில் ஏழு ஈரல்களில் கட்டி. ஒன்றில் எதுவும் இல்லை. மீதி மூன்றில் கட்டி இல்லை, வெள்ளை வெள்ளையாகத் தழும்பு.

"இதெல்லாம் ஆறிப்போனது. ஈரல் ஜெயிச்சிருச்சு," என்றார் டாக்டர். "தொட்டுப் பாருங்க."

தொட்டேன். சொரசொரவென்று இருந்தது. தினமும் தொட்டியோரம் லாரியை ஓட்டிப் போனேனே, அப்போது அந்த வேலி ஓரத்தில் இப்படி ஒரு யுத்தம் நடந்து, முடிந்து, ஆறியும் போயிருக்கிறது. தெர்மாமீட்டருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. குதிரை மேலிருந்த ஒரு மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. அழுகை வந்தது, மறைக்கவில்லை.

"பதினொண்ணுல பத்தா?" என்று ராய்ஸ் இரண்டு தடவை கேட்டான்.

ஜூன் 15

ராய்ஸ் குதிரை லாயத்துக்குப் போய் யுசேபியோவிடம் சொன்னது: "நீ இரு. இனிமே நீ பிரிக்கச் சொன்னா பிரிப்போம்." என்னிடம்: "உன்னை அனுப்பிட்டா லாரிக்கு ஆள் கெடைக்காது, பொழைச்சுப்போ. சீட்டுக்கு மேல ஒரு பிடி போட்டாலும் தொலைச்சுடுவேன்."

ஜூலை 6

காலையில் லாரிக் கதவை யாரோ தட்டினார்கள். யுசேபியோ. கேட்காமலே ஏறி உட்கார்ந்தான்.

"மெதுவா ஓட்டு. இந்த வேகத்துல போனா உனக்கு எப்படி மாட்டு மூஞ்சி தெரியும்?"

மெதுவாக ஓட்டினேன். "காதைப் பாரு. எது கடைசியா வருதுன்னு பாரு. வந்தும் திங்காம நிக்குதா பாரு." எனக்கு எல்லாம் ஒரே மாதிரி கறுப்பு மாடுகள்தான். சொன்னேன். அவன் பிளாஸ்க்கைத் திறந்து தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டான்.

மூன்றாம் சுற்றில் ஒன்றைக் காட்டினேன். பின்வரிசையில், தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, தொட்டியைப் பார்த்தபடி வராமல் நின்றது. அவன் வெகுநேரம் பார்த்தான். எண்ணை நோட்டில் எழுதினான். பிறகு தான் குடித்துக்கொண்டிருந்த பிளாஸ்க் மூடியை, காபியோடு, என் பக்கம் நீட்டினான்.