அப்பாவின் பேச்சுக்கு எட்டு ஜிபி

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம். கம்ப்யூட்டரும் சுகம். அதைச் சொல்லத்தான் தைக்க வேண்டிய துணியெல்லாம் குவிந்து கிடக்க, உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே எனக்கு அழுகை வந்துவிடும், நீ வேலை செய்கிற இடத்தில் பதறுவாய்.

தொண்டை ஆபரேஷனில் குரல் போன பிறகு அப்பா தட்டச்சு செய்ய, கம்ப்யூட்டர் அதைப் பேசிக்காட்டுவது உனக்குத் தெரியும். அது எவ்வளவு மந்தமாகிப் போயிருந்தது என்பதைத்தான் நான் உனக்கு முழுசாகச் சொல்லவில்லை. அவர் ஒரு வரி தட்டுவார், திரையில் அந்த வட்டம் சுற்றோ சுற்றென்று சுற்றும், அது வாயைத் திறப்பதற்குள் நாங்கள் வேறு பேச்சுக்குப் போயிருப்போம். ஒருநாள் உன் சித்தப்பா புதுசாக மீசை வைத்துக்கொண்டு வந்தார். எலிவால்கூட இதைவிட அடர்த்தியா இருக்குமேடா என்று அப்பா தட்டினார். அது ஒலித்தபோது சித்தப்பா தன் பக்கத்து வீட்டுக்காரர் செத்துப்போனதைச் சொல்லிக்கொண்டிருந்தார். யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அன்றைக்கு அந்தக் குரலை அணைத்ததுதான், அதன்பிறகு அப்பா தலையாட்டுவதோடு நிறுத்திக்கொண்டார். வருகிறவர்களும் அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி என்னிடம் விசாரிக்க ஆரம்பித்தார்கள். இந்த மனிதர் இரண்டாம் தடவையும் பேச்சை இழந்துவிடுவாரோ என்று நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன்.

உன் அண்ணன் புதுசு வாங்கித் தருகிறேன் என்றான். அப்பா மாட்டவே மாட்டேன் என்று தலையாட்டிவிட்டார். இதில் இருக்கிற குரல் அவர் கேட்டுக் கேட்டுப் பொறுக்கியது, புதுசில் அது வருமோ வராதோ என்று பயம். நானோ, இடம் அடைத்துக்கொண்டிருக்கிறது போல என்று பழைய படங்களையெல்லாம் அழித்துத் தொலைத்தேன் (கவலைப்படாதே, அண்ணனிடம் எல்லாம் இருக்கிறது). அப்போதுதான் நீ போனில் சிரித்துக்கொண்டே சொன்னாய், ஐயோ அம்மா, நீ பீரோவைக் காலி பண்ணியிருக்க, நெரிசல் உன் கட்டிங் டேபிள்லதான்னு. அது ஒன்றுதான் எனக்குச் சட்டென்று புரிந்தது. பீரோ எவ்வளவு காலியாக இருந்தால் என்ன, மேசை முழுக்கத் துணி கிடந்தால் கத்தரி வைக்க இடம் ஏது. அந்த மேசைக்குப் பேர் ரேம், இருப்பது ரெண்டு ஜிபி, அது பத்தாது, எட்டு போதும், பதினாறு போட்டா அந்தப் பழைய போர்டு ஏத்துக்காது, ஏத்துக்கிட்டாலும் அப்பா பண்ற வேலைக்கு வீண் என்று சொல்லி நீயே வாங்கியும் அனுப்பிவிட்டாய்.

வந்த பொட்டலத்தைப் பார்த்தால் சீப்பில் பாதிகூட இல்லை. ரிப்பேர் கடைப் பெண் வீட்டுக்கே வந்து, உள்ளே இருந்த தூசியையெல்லாம் ஊதி, அதைப் பொருத்திக் கொடுத்தாள். மூடினால் திரும்ப வராது என்று அப்பா ஏகப்பட்ட பக்கங்களைத் திறந்தே வைத்திருந்தாராம். ஐயா, இத்தனையும் திறந்து வச்சா எட்டும் பத்தாது என்று கண்டித்து ஒவ்வொன்றாக மூட வைத்தாள். நீ இருக்கிற ஊர் வானிலை காட்டுகிற பக்கத்தை மட்டும் மூட விடவில்லை. சரி, ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். புண்ணியவதி, நன்றாக இருக்கட்டும்.

நேற்று உன் அத்தை போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கல்யாணமான புதிதில் நாங்கள் ஊர் சுற்றப் போய் வழி தப்பின கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கண்ணன்தான் வழி தெரியாம என்று தொடங்கினேன், வாக்கியத்தை முடிக்கவில்லை, பொய், மேப்பைத் தலைகீழா பிடிச்சது அவதான் என்றது கம்ப்யூட்டர். அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள், அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாள். நான் பேசும்போது குறுக்கே பேசாதீர்கள் என்று வாழ்நாளெல்லாம் இவரிடம் சண்டை போட்டவள் நான். நேற்றும் அது வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு, மிச்சக் கதையை வேண்டுமென்றே தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டே போனேன். ஒவ்வொரு தப்புக்கும் அவர் குறுக்கே வந்தார்.

பெற்ற பிள்ளைக்கு நன்றி சொல்வார்களா என்று நீ கோபித்துக்கொள்வாய். கோபித்துக்கொள், நான் சொல்லத்தான் செய்வேன். ரொம்ப நன்றிடி என் தங்கமே. நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இரு. ராத்திரி கண் விழித்து வேலை பார்க்காதே. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அப்பா எப்படி இருக்கார் என்று என்னிடம் கேட்காதே. அவரையே கேள்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா