தாமல் ஓலை வீடு

12.11.1998, வியாழன்

இன்று தாமலில் செல்வியின் வீட்டுக்குப் போனேன். மண்சுவரும் பனையோலைக் கூரையுமான அந்தப் பழைய வீட்டை மாற்றாமல் காக்க வேண்டும் என்று அரசுக்கு மனு எழுதியவன், பழைய வீடுகளைப் படமெடுத்துத் திரியும் நான்தான். அதைக் காட்டியே, அரசுத் திட்டத்தில் அவளுக்கு வர வேண்டிய கான்கிரீட் வீட்டை அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். நேற்றைய மழையில் கூரை ஒழுகி, தரையெல்லாம் சேறு. இரண்டு பிள்ளைகளையும் கட்டில்மேல் உட்கார வைத்திருந்தாள்.

"ஓலை வேய ஆளே கெடைக்கல சார். நீங்க வந்து வந்து போட்டோ புடிச்சிக்கினு போறீங்க. உங்க வூடு ஓலையா?"

"இல்லம்மா, மாடி வீடு."

அவள் குனிந்து தரைச் சேற்றை வழிக்கத் தொடங்கினாள்.

மனுவைத் திரும்பப் பெறுவதாக இப்போது எழுதிவிட்டேன். எழுதும்போதும் அந்தக் கூரை போய்விடுமே என்றுதான் மனம் அடித்துக்கொண்டது. பிள்ளைகள் நினைவுக்கு வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.