கரியால் அடித்த மூன்றாவது வரி

அக்கா,

நேற்று உன் மருமகள் வாஷியிலிருந்து வந்திருந்தாள். உன் டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது அடியில் கிடந்ததாம். "எனக்குத் தமிழ் வாசிக்க வராது சித்தி. உங்க எழுத்து மாதிரி தெரிஞ்சது, அதான் கொண்டுவந்தேன்" என்று ஒரு காலண்டர் அட்டையைக் கையில் வைத்துவிட்டுப் போனாள். மூக்கருகே கொண்டுபோனேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் புண்ணாக்கு வாசம். டிரங்குக்குப் போகுமுன் தீவனப் பெட்டிக்குள் வைத்திருந்திருக்கிறாய்.

நீ போய் நாற்பது நாள் ஆகவில்லை. செத்தவளைத் திட்டக்கூடாது என்று எனக்குத் தெரியும். காலையில் முருகன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவன் மன்னிப்பான். நான்தான் உன்னை மன்னிப்பேனா என்று தெரியவில்லை.

அட்டையில் இருப்பது என் எழுத்து. பள்ளிக்கூடம் போகாமல், மளிகைப் பொட்டலக் காகிதங்களையும் கோயில் சுவர்ப் பாட்டுகளையும் எழுத்துக்கூட்டி நானே பழகிய எழுத்து. அறுபதுகளின் நடுவில், கொட்டில்கள் எல்லாம் ஊருக்கு வெளியே போகவேண்டும் என்று உத்தரவு வந்த வருஷம், பங்குனியில் எழுதியது.

"விற்பனைக்கு. கறவை எருமை இரண்டு, கண்ணெதிரே கறந்து காட்டப்படும். மாட்டுங்காவில் வாடிக்கை வீடு பதினெட்டு, பால் ஊற்றும் பையாவோடு. மூன்றாவது எருமை, வற்றியது. மான்குர்த் போகும் வழியில் புல் நிலம் ஒரு துண்டு, கிணறு உண்டு."

வாடிக்கை வீடுகளையும் விற்கலாம் என்பதை இந்த ஊருக்கு வந்துதான் கண்டேன். வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தெரியாமலே அவர்கள் காலை காப்பி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்விடும். அந்த வீடுகளுக்கு நீ ஊற்றிய பாலில் குழாய்த் தண்ணீர் எவ்வளவு என்பது எனக்கும் அந்த முருகனுக்கும் தெரியும். கேட்டால் என்ன சொல்வாய்? "ஏட்டி, ஆபீஸ் போற ஆளுவ குடிக்கது. கட்டியா ஊத்துனா செரிக்குமா? புண்ணியத்துக்குல்லா கலக்குதேன்." பால் ஊற்றும் வடக்கத்திக்காரன் பையா சிரிப்பான். நீயும் சிரிப்பாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நோட்டில் எழுதுவேன்.

செம்பூர்க் கொட்டிலில் உனக்குக் கறவை, எனக்கு நோட்டு. எந்த எருமை எந்த வேளை எவ்வளவு கறந்தது, எது எப்போது கடாவுக்குப் போனது, எது கன்று போட்டது, எல்லாம் நாள் நட்சத்திரத்தோடு எழுதி வைத்திருந்தேன். எதையும் இரண்டு படி எழுதுவது என் வழக்கம். ஒன்று கொட்டிலில், ஒன்று என் வீட்டு அலமாரியில். நோட்டில் இருப்பது நடந்தது, இல்லாதது நடக்காதது. அப்படித்தான் இருந்தேன்.

மூன்றாவது எருமை சுருட்டை. சுருண்ட கொம்பு. முதல் மாதமே அதன் கன்று செத்ததும் பையா தோலை உரித்து, வைக்கோல் திணித்து, நாலு குச்சியில் நிறுத்தினான். அதன்மேல் உப்புத் தடவி நான் பிடித்துக்கொண்டு நிற்பேன். சுருட்டை அதை நக்கும். நக்க நக்கப் பால் இறங்கும். வேறு யார் பிடித்தாலும் இறங்காது. அந்த வைக்கோல் கன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு தாயை ஏமாற்றுகிறோமே என்று தினமும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்பேன். நக்கி நக்கித் தோல் பிய்ந்தது. புரட்டாசியோடு பாலும் நின்றது.

வற்றிய மாட்டைப் பம்பாயில் யாரும் கட்டிவைத்துத் தீனி போடமாட்டார்கள்; அடிமாட்டுக்குத் தள்ளிவிடுவார்கள். நீ போட்டாய். ஏன் என்று கேட்டதற்கு, "கெடக்கட்டும், ஒனக்கென்ன" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா?

விற்கிற அட்டையை எழுதும்போதுதான் வாயைத் திறந்தாய்.

"மூணாவதுக்கு வத்துனதுன்னு போடாத. செனைன்னு போடு."

"செனையா? நோட்டுல இல்லையே!"

"நோட்டுல எப்பிடி இருக்கும்? ஐப்பசியில நீ சஷ்டி விரதம்னு ஆறு நாளு மாட்டுங்கா கோயில்லயே கெடந்த. பக்கத்துக் கொட்டில்காரன் கடைக்குப் போன நேரம் பாத்து அவன் கடாவை அவுத்து விட்டேன். ஒங்கிட்ட சொன்னா நோட்டுல ஏத்துவ. பெறவு அவங்கிட்டயே போயி வாசிச்சும் காட்டுவ."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாட்டை விற்க ஒரு கதை கட்டுகிறாய் என்றே நினைத்தேன். பாலில் தண்ணீர் விடுகிறவள் மாட்டில் கன்றை விடமாட்டாளா? "விரதம் இருந்த கையால் பொய் எழுதமாட்டேன்" என்றேன். "சரி, எழுதுறத எழுது. ஒஞ்சாமி வாசிக்கட்டும்" என்றாய். பிறகு, எழுத்துத் தெரியாத நீ, "எந்த வரியிலட்டி அது இருக்கு?" என்று கேட்டாய். நான் விரலை வைத்துக் காட்டினேன். மூன்றாவது வரி.

மறுநாள் காலை, மாட்டுங்கா ஓட்டல் வாசலில் மாட்டவேண்டும் என்று அட்டையை எடுத்துக்கொண்டு, வாடிக்கை வீடுகளை விலைக்குக் கேட்டிருந்த ஒருவனுக்குக் காட்டப் பையாவோடு போனாய். "வாறவங்கிட்ட நீயே பேசி முடிச்சிரு" என்று சொல்லிவிட்டுப் போனாய். நீ போனதும், எழுதி வைத்திருந்த இரண்டாம் படியைக் கொட்டில் வாசலில் மாட்டினேன்.

பத்து மணிக்குத் தாராவியிலிருந்து ஒரு தரகர் வந்தார். வாசலில் நின்று வாசித்தார். உள்ளே வந்து கறவை மாடுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வத்துன மாடு எதும்மா?"

காட்டினேன். ஏனோ என்னை அறியாமலே, "செனையா இருக்கும்னு ஒரு பேச்சு இருக்கு" என்றேன்.

அவர் சிரித்தார். "எழுதுனது யாரு?"

"நான்தான்."

"பெறவென்ன? வெளிய லாரி நிக்கி."

அக்கா, முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்தது என் கைதான். அவருக்கு அது நகரவில்லை. எனக்கு நகர்ந்தது. வைக்கோல் கன்றைப் பிடித்து நின்ற கை அல்லவா, அந்தக் கைக்குப் பின்னால் லாரி வரைக்கும் வந்தது.

மத்தியானம் நீ திரும்பி வந்தாய். வெறும் முளையைப் பார்த்தாய். பிறகு வாசலில் தொங்கிய அட்டையைப் பார்த்தாய். "போயிட்டா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காலைக் கழுவப் போனாய். பையாதான் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "பாயி, ஓ தோ காபின் தீ. பேட் மே பச்சா தா" என்றான். அந்த இந்தி எனக்குப் புரியும். வயிற்றில் கன்று இருந்தது என்கிறான்.

உன்னிடம் ஓடிவந்தேன். "அக்கா, நெசமா?" என்று கேட்டேன். நீ திரும்பாமலே சொன்னாய்: "அவனுக்கு என்ன தெரியும்? செனையாவது மண்ணாவது. நல்ல வெல போகட்டும்னு நான்தான் பொய் சொன்னேன். வத்துன மாடுதான். போயி வேலையப் பாரு."

நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. என்னைப் பொய் எழுதவைக்கப் பார்த்தவள் என்று உன்னோடு ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பேசினோம், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்தோம், கோயிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நேற்று அட்டையை வெளிச்சத்தில் பிடித்தேன். மூன்றாவது வரியின்மேல் அடுப்புக்கரியால் ஒரு கோடு. ஒன்றல்ல, எழுத்தே தெரியாதபடி போய்ப்போய் வந்த கோடு. மாட்டுங்காவுக்குக் கிளம்புவதற்கு முன்னால் நீ அடித்திருக்கிறாய். மாடு போன பிறகு அடிக்க அவசியம் இல்லை; மாட்டை விற்க ஆசைப்பட்டவள் அந்த வரியை அடிக்கவும் மாட்டாள். உன்னிடம் இருப்பது ஒரே அட்டை என்று நினைத்து, அது போதும் என்று போயிருக்கிறாய். வாசலில் இன்னொன்று தொங்கும் என்று உனக்குத் தெரியாது.

எனக்குக் கோபம் அதில் இல்லை. என்னோடு சண்டை போட்டிருக்கலாமே! வாயைத் திறந்தால் ஓட்டல்காரனையே அலறவைக்கிறவள், என் முன்னால் எதற்குக் கரியை எடுத்துக்கொண்டு ஒளிந்தாய்? என் கையைப் பிடித்து இழுத்துப்போய் அந்த வயிற்றில் வைத்திருந்தால் தெரிந்திருக்குமே! பிறகு அந்தப் பொய். யார் கேட்டார்கள் உன்னிடம் அந்தத் தயவை? நீ உண்மை சொன்ன ஒரு நாள் நான் நம்பவில்லை. பொய் சொன்ன நாளில் நம்பி, இத்தனை வருஷம் நிம்மதியாகத் தூங்கி எழுந்து சாமி கும்பிட்டேன். அந்தத் தூக்கத்தை இப்போது யாரிடம் திருப்பிக் கொடுப்பேன்? அதைத் தந்தவளும் போய்விட்டாள்.

இன்று காலை அலமாரியிலிருந்து அந்த வருஷத்து நோட்டை எடுத்தேன். ஐப்பசியில் ஆறு நாள் வெறுமையாக இருக்கிறது. நட்சத்திரம் தெரியாது, நாளும் தெரியாது. இருந்தாலும் எழுதினேன்: சுருட்டை, கடாவுக்குப் போனது. பிறகு உன் அட்டையை எடுத்து, கரிக்கோட்டைத் தொடாமல், அதற்குக் கீழே மையால் எழுதினேன்: மூன்றாவது எருமை, சினை.

இதற்கு இரண்டாம் படி எழுதவில்லை.