காணாமல் போன பதினாலு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று ஒரு விமானம் என்னால் ஒரு மணி நேரம் தாமதமானது, பயப்படாதீர்கள். இங்கே விமானம் பழுதுபார்க்கும் ஒவ்வொரு கருவிக்கும் எண் உண்டு. ஒன்று குறைந்தாலும், உள்ளே எங்காவது கிடக்குமோ என்று விமானத்தை விடமாட்டார்கள்.

"பதினாலாம் நம்பரைக் காணோம். தொலைச்சவனுக்கு இன்னையோட வேலை போச்சு," என்றார் சூப்பர்வைசர்.

என்ன பொருள் என்றுகூடக் கேட்காமல் டார்ச்சோடு விமானத்தின் சக்கரம் மடங்கும் குழிக்குள் புகுந்து, மூலை மூலையாகத் தேடினேன். வெளியே வந்ததும் அவர் என் கையைப் பார்த்தார்.

"எதை வச்சுடா தேடுன?"

டார்ச்சின் அடியில் பதினாலு என்று பொறித்திருந்தது. அவரே சிரித்துவிட்டதால் வேலை தப்பியது. ஆனால் இப்போது எல்லோருக்கும் நான் 'பதினாலு'தான்.

தலைவலித் தைலம் இரண்டு அனுப்புங்கள். பஸ் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது, என் பேரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிடுங்கள்.

உங்கள் மகன்